யாரும் துரத்தல, அப்புறம் ஏன் போனாங்க? கொச்சி யூதர்கள் பத்தின கேள்விக்கு என் பதில்

நீங்க கொச்சியில மட்டாஞ்சேரிக்கு வந்து ஜூதத் தெருவையும், யூதர்கள் வழிபடற சினகாக்கையும் பாத்துட்டுப் போய் இப்படிக் கேட்டிருக்கீங்க: "இந்தியாவுல யூதர்கள யாருமே துன்புறுத்தினதில்லனு பெருமையா சொல்றாங்க, அப்படின்னா கொச்சி யூதர்கள் ஏன் மொத்தமா கிளம்பி இஸ்ரேலுக்குப் போனாங்க? இத்தன நூறு வருஷம் இருந்தும் இத சொந்த ஊரா நெனக்கவே இல்லையா?" இதுல முதல் பாதி வரலாறு, அதுக்கு வருஷத்தோட பதில் சொல்லிடலாம். ரெண்டாவது பாதிதான் நீங்க நெஜமா கேக்கறது, அதாவது அவங்க மனசுல இந்த ஊர் என்னவா இருந்துச்சுங்கறது. அதுக்கு ஆமா இல்லன்னு ஒத்த வார்த்தையில சொல்ல எனக்கு மனசு வரல, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

நான் தமிழ் வீட்டுல பொறந்து கொச்சியிலயே வளந்தவன், 22 வருஷமா இங்க கைடு வேலை பாக்கறேன். இஸ்ரேல்ல இருந்து தாத்தா பாட்டி வீட்டத் தேடி வர்ற குடும்பங்கள செண்டமங்கலம், பறவூர், மாளைனு யூதர்கள் இருந்த ஊர்களுக்குக் கூட்டிட்டுப் போறது என் வேலையில பெரிய பங்கு. ஆனா நான் யூதன் இல்ல, எபிரேய எழுத்த எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதனால உள்ள இருந்து உணர்றவங்க சொல்ற மாதிரி என்னால சொல்ல முடியாது. பெரியவங்க வாயால கேட்டது, கூட நடந்து பாத்தது, ஆராய்ச்சி பண்ணவங்க எழுதினது, இந்த மூணும் சேந்ததுதான் நான் சொல்றது.

முதல்ல எப்ப வந்தாங்கங்கற விஷயம். சாலமோன் ராஜா காலத்துலயே வந்தோம்னு ஒரு கதை இருக்கு, கி.பி. 70ல ரோமானியர்கள் எருசலேம் கோயில இடிச்சப்போ தப்பிச்சு கொடுங்கல்லூர்ல வந்து எறங்கினோம்னு இன்னொரு கதை இருக்கு. ரெண்டுமே அந்த சமூகத்துக்குள்ள தலைமுறை தலைமுறையா சொல்லிட்டு வந்தது, நான் அத மரியாதையோட சொல்லுவேன், ஆனா ஆதாரம்னு சொல்ல மாட்டேன். பைபிள்ல சாலமோனோட கப்பல் கொண்டு வந்த சரக்குல மயிலுக்கு 'துக்கி'ன்னு ஒரு சொல் வருது, அது நம்ம 'தோகை'தான்னு சொல்லுவாங்க. கால்டுவெல் காலத்துல இருந்து பேசப்படற விஷயம், எனக்கும் பிடிச்ச விஷயம், ஆனா அது உண்மையாவே இருந்தாலும் நம்ம சொல் அங்க போச்சுன்னுதான் அர்த்தம், யூதர் அப்பவே இங்க குடியிருந்தாங்கன்னு ஆகாது. உறுதியா கை வெச்சு சொல்லக்கூடிய முதல் தடயம் கி.பி. 849ல, கொல்லத்துல தரிசாப்பள்ளிங்கற சர்ச்சுக்கு குடுத்த செப்பேடு. அதுல சாட்சிக் கையெழுத்து போட்டவங்கள்ல சிலர் எபிரேய எழுத்துல போட்டிருக்காங்க, மொழி பாரசீகம், எழுத்து எபிரேயம். அதாவது கடல் வழியா வந்த யூத வியாபாரிங்க சாட்சி சொல்ற அளவுக்கு அந்த ஊர்ல மதிப்போட இருந்திருக்காங்க.

அடுத்தது எனக்கு ரொம்ப நெருக்கமானது, கி.பி. 1000 வாக்குல சேர ராஜா பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான்ங்கற யூதத் தலைவருக்குக் குடுத்த செப்பேடு. சமூகத்துல அத கி.பி. 379னு சொல்லுவாங்க, கல்வெட்டு அறிஞர்கள் எழுத்தையும் ராஜாவோட ஆட்சி வருஷத்தையும் வெச்சு 1000ஐ ஒட்டின்னு முடிவு பண்ணிட்டாங்க, நான் அவங்க பக்கம். அத ஒரு தமிழ் ஆள் வாசிச்சுக் கேட்டா உடம்பு சிலிர்க்கும். எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழும் மலையாளமும் இன்னும் முழுசா பிரியாத காலத்து மொழி. பேரு 'இஸ்ஸுப்பு இரப்பான்'னு வரும், அதாவது யோசேப்பு ரப்பான். அவருக்கு என்னென்ன குடுத்தாங்கன்னு பட்டியல் போடும்: பகல் விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காகளம், தோரணம். பாவாடைன்னா இங்க நடந்து வர விரிக்கற துணி, அந்தோளகம் பல்லக்கு, காகளம் எக்காளம். மொத்தம் 72 உரிமை, கூடவே அஞ்சுவண்ணம்ங்கற வணிகக் குழுவோட தலைமை. அது அவருக்கு மட்டும் இல்ல, உலகமும் சந்திரனும் இருக்கற வரைக்கும் அவர் வம்சத்துக்கும்னு எழுதியிருக்கு. அகதிக்கு எடம் குடுத்த பத்திரம் மாதிரி இதுல எதுவும் இல்ல, ஊர்ப் பெரிய மனுஷனுக்குக் குடுக்கற மரியாதை இது. செண்டமங்கலத்துல சினகாக் வாசல்ல நிக்கற ஒரு கல்லறைக் கல்லுல 1269ங்கற வருஷத்துக்குச் சரியான எபிரேயத் தேதி இருக்கு, 'இஸ்ரேலின் மகள் சாரா'ன்னு பேரு. இந்தியாவுல கிடைச்சதுலயே ரொம்ப பழைய எபிரேயக் கல்வெட்டு அதுதான். ராஜாவும் இல்ல வியாபாரியும் இல்ல, ஒரு பொண்ணு.

இப்ப "யாரும் தொடலை"ங்கற பேச்சு. உள்ளூர் ராஜாக்கள் தொடலங்கறது உண்மை, ஆனா போர்ச்சுகீசியர் தொட்டாங்க. 16ஆம் நூற்றாண்டுல கொடுங்கல்லூர்ப் பக்கம் வாழ முடியாம யூதர்கள் கொச்சிக்கு நகந்தப்போ, கொச்சி ராஜா தன்னோட அரண்மனைக்குப் பக்கத்துலயே எடம் குடுத்தார், அதுலதான் நீங்க பாத்த பரதேசி சினகாக்க 1568ல கட்டினாங்க. 1662ல போர்ச்சுகீசியர் அதையும் தாக்கி நாசம் பண்ணாங்க, மறு வருஷம் டச்சுக்காரங்க கொச்சியப் பிடிச்சப்புறம்தான் திரும்ப எழுப்பினாங்க. இன்னிக்கும் அரண்மனைக் கோயிலும் சினகாக்கும் ஒட்டினாப்ல நிக்குது. மணிக்கூண்ட நிமிந்து பாத்தீங்களா? 1760ல வெச்சது, ஒரு முகத்துல ரோமன் எண், ஒண்ணுல மலையாள எண், ஒண்ணுல எபிரேய எழுத்து. அவசரத்துல வர்றவங்க சினகாக் தரையில இருக்கற டைல்ஸ மட்டும் பாத்துட்டுப் போயிடுவாங்க, எனக்கு அந்த மணிக்கூண்டு முன்னாடிதான் அதிக நேரம் வேணும்.

யூதர்ங்கறது மதமா இனமான்னு நெறைய பேர் கேப்பாங்க, உங்க கேள்விக்குள்ளயும் அது ஒளிஞ்சிருக்கு. அவங்க மரபுச் சட்டப்படி யூதத் தாய்க்குப் பொறந்தவங்க யூதர், இல்லன்னா முறைப்படி மதம் மாறி வந்தவங்க யூதர். ஒருத்தர் சாமி கும்பிடறத விட்டுட்டாலும் அவர் யூதர் இல்லன்னு ஆகாது, அதே சமயம் நாளைக்கு நீங்களோ நானோ முறைப்படி சேந்தா நாமளும் அந்த மக்கள்ல ஒருத்தராயிடுவோம். அதனால அவங்களே பயன்படுத்தற சொல் 'அம்', அதாவது மக்கள். ஒரே பொறப்புக் கதை, ஒரே சட்டம், ஒரே நாட்காட்டி பகுந்துக்கற ஒரு பெரிய குடும்பம்னு நான் புரிஞ்சுக்கறேன். அந்தக் குடும்பத்துக்கு வீட்டு மொழி ஊருக்கு ஊர் மாறும், இங்க அது மலையாளம்.

வீட்டுக்குள்ள எப்படி இருந்தாங்கன்னு பாத்தா உங்களுக்கே பாதி பதில் கிடைச்சிடும். கறியையும் பாலையும் சேக்கக் கூடாதுங்கறது அவங்க உணவுச் சட்டம், ஆனா இந்த ஊர்ல தேங்காப்பால் இருக்கே, அது பால் கணக்குல வராது, அதனால கோழிக் கறியில தாராளமா தேங்காப்பால் ஊத்தி ஆப்பத்தோட சாப்பிட்டாங்க. சபாத்ங்கற வாராந்திர ஓய்வு நாளுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏத்தற விளக்குல தேங்கா எண்ணெய். புளிச்ச மாவு வீட்டுலயே இருக்கக் கூடாதுங்கற பாஸ்கா பண்டிகைக்கு முன்னாடி பொண்ணுங்க அரிசிய மணி மணியா பொறுக்கி சுத்தம் பண்ணுவாங்க, அதுக்குன்னே தனிப் பாத்திரம் இருக்கும், நம்ம வீட்டுல விரதச் சமையலுக்கு மடி பாக்கற பாட்டிங்கள பாத்தவங்களுக்கு அந்தப் பதட்டம் நல்லா புரியும். கல்யாணத்துல தாலி உண்டு. ரப்பின்னு தனியா ஒரு மதகுரு கிடையாது, படிச்ச பெரியவங்களே பூசைய நடத்திக்குவாங்க. கொச்சி ராஜா அவங்களுக்கு நியமிச்ச தலைவருக்குப் பேரு என்ன தெரியுமா, முதலியார். தோராங்கற அவங்க வேதத்தோட வாசிப்பு ஒரு சுத்து முடியற சிம்ஹத் தோரா பண்டிகையில தோராச் சுருள்கள வெளியில எடுத்துட்டு வந்து சினகாக்க சுத்தி வருவாங்க, கோயில் உற்சவத்தப் பாத்து வளந்த ஊருக்கு அது அந்நியமா தெரிஞ்சிருக்கவே முடியாது. சினகாக்க இங்க எல்லாரும் ஜூதப்பள்ளின்னுதான் சொல்லுவாங்க, சர்ச்சும் பள்ளி, மசூதியும் பள்ளி. இதுக்கெல்லாம் மேல பொண்ணுங்க பாடின மலையாளப் பாட்டுகள். பைபிள் கதை, கல்யாணப் பாட்டு, கிளியக் கூப்பிட்டுப் பாடறதுன்னு நோட்டுப் புத்தகத்துல கையால எழுதி அம்மா கிட்ட இருந்து மகளுக்குப் போயிருக்கு. பல ஊர் யூதர்கள்ல ஆம்பளைங்க முன்னாடி பொண்ணுங்க பாடக் கூடாதுங்கற கட்டுப்பாடு உண்டு, இங்க பாடியிருக்காங்க.

ஆனா ஒரு விஷயத்த மறைச்சுட்டு மேல போக எனக்கு விருப்பம் இல்ல, பல கைடுங்க இத சொல்றதே இல்ல. இங்க யூதர்களுக்குள்ளயே பிரிவு இருந்துச்சு. ரொம்ப காலமா இங்க இருந்தவங்க மலபாரி யூதர்கள். 1492ல ஸ்பெயின்ல இருந்து துரத்தப்பட்டவங்களும் பின்னால பாக்தாத், அலெப்போ பக்கம் இருந்து வந்தவங்களும் பரதேசி யூதர்கள், அவங்கள வெள்ளை யூதர்னும் மத்தவங்கள கருப்பு யூதர்னும் வெளியாள் பேரு வெச்சாங்க. வெள்ளை யூதர் கருப்பு யூதர் வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டாங்க. அதுக்கும் கீழ, அடிமையா இருந்து விடுதலை ஆனவங்க வம்சம்னு ஒரு சின்னக் கூட்டம், அவங்க பரதேசி சினகாக்ல பெஞ்சுல உக்காரக் கூடாது, முன் அறையில தரையில உக்காரணும். 16ஆம் நூற்றாண்டுலயே இந்தப் பாகுபாடு பத்தி கெய்ரோவுல இருந்த ஒரு பெரிய ரப்பிக்கு எழுதிக் கேட்டிருக்காங்க, அவர் மலபாரிகள் யூதர்தான், முறைப்படி நீராடிட்டா கல்யாணம் பண்ணிக்கத் தடையே இல்லைன்னு தீர்ப்பு சொன்னார். தீர்ப்பு வந்தும் நூத்துக்கணக்கான வருஷம் ஒண்ணும் மாறல. தோரா மேல இருந்த பயபக்தியத் தாண்டி இந்த ஊரோட சாதி உள்ள பூந்திருச்சு, வேற விளக்கம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. அத ஒடைக்க நின்னவர் ஏ.பி. சேலம், 1882ல அந்தக் கடைசிப் பிரிவுல பொறந்து வக்கீலானவர், கொச்சி சட்டசபையில இருந்தவர், 1929 லாகூர் காங்கிரஸுக்குப் போய் வந்தவர். காந்தி வழியில சினகாக்குக்குள்ளயே சத்தியாகிரகம் பண்ணார், கொஞ்சம் கொஞ்சமா எடம் கிடைச்சுது. அப்படியும் 1950ல அவரோட மகன் ஒரு வெள்ளை யூதக் குடும்பத்துப் பொண்ணக் கட்டினப்போ கல்யாணத்த கொச்சியில நடத்த முடியாம பம்பாய் போய்த்தான் பண்ணாங்க. யூதர்கள யாரும் துன்புறுத்தலன்னு நாம நெஞ்ச நிமித்திச் சொல்றப்போ, நம்ம கிட்ட இருந்து அவங்க கத்துக்கிட்டதுல இதுவும் ஒண்ணுங்கறத சேத்தே சொல்லணும்.

சரி, ஏன் போனாங்க. முதல் காரணம், நாம லேசா எடுத்துக்கற காரணம், பிரார்த்தனை. தினமும் எருசலேம் பக்கம் திரும்பி நின்னு வேண்டறது, பாஸ்கா ராத்திரி முடியறப்போ "அடுத்த வருஷம் எருசலேம்ல"ன்னு சொல்றது, இத அப்பா தாத்தா அவருக்கும் முன்னாடி இருந்தவங்க எல்லாரும் சொல்லியிருக்காங்க. 1948ல இஸ்ரேல் உருவானப்போ, வெறும் வேண்டுதலா இருந்தது திடீர்னு கப்பல் டிக்கெட் எடுக்கற விஷயமாயிடுச்சு. அப்ப கொச்சிப் பக்கம் சுமாரா 2,400 யூதர்கள் இருந்தாங்க. ரெண்டாவது, பரதேசிகள்ல பணக்காரங்க இருந்தாலும் மலபாரிகள்ல பெரும்பாலானவங்க சின்ன வியாபாரம் பண்ண ஏழைங்க, புதுசா ஒரு வாழ்க்கைங்கற ஆசையும் இருந்துச்சு. நெறைய பேர் வீடு வாசல வித்துட்டுத் தயாரா நிக்க, இங்க யானைக்கால் வியாதி இருக்குன்னு அங்க இருந்து அனுமதிய இழுத்தடிச்சாங்க, அந்தக் காத்திருப்புல வித்த காசும் கரைஞ்சுது. 1953ல சேலமே இஸ்ரேல் போய் இவங்களுக்காகப் பேசினார், 1953லருந்து 55க்குள்ள பெரும்பகுதி போய்ட்டாங்க. மாளையில இருந்தவங்க 1955ல சினகாக்க பஞ்சாயத்து கையில ஒப்படைச்சுட்டுக் கிளம்பினாங்க.

மூணாவது காரணத்த யாரும் பெருசா பேசறதில்ல, ஆனா என் கணக்குல மிச்சம் இருந்தவங்களையும் கிளப்பினது இதுதான்: பத்து பேர். யூத முறைப்படி முழுப் பிரார்த்தனை நடக்க வயசு வந்த பத்து ஆம்பளைங்க வேணும், அத மின்யான்னு சொல்லுவாங்க. ஒரு சின்ன ஊர்ல முப்பது பேர்ல இருபத்தி ரெண்டு பேர் கிளம்பறதா முடிவு பண்ணிட்டா மீதி எட்டு பேருக்கு வேற வழியே இல்ல, அவங்க இங்க இருந்தா தோரா வாசிக்க முடியாது, பிள்ளைக்கு வரன் கிடைக்காது, மாமிசம் முறையா அறுக்க ஆள் இருக்காது. போக விருப்பமே இல்லாதவங்களும் அப்படித்தான் போனாங்க. பரதேசிகள் சொத்து பத்தோட இன்னும் கொஞ்ச காலம் இருந்தாங்க, 1968ல சினகாக்கோட 400ஆவது வருஷத்துக்கு இந்திரா காந்தி வந்தப்பக்கூட கூட்டம் இருந்துச்சு, அப்புறம் இளசுங்க கல்யாணத்துக்காகவே ஒவ்வொருத்தரா போனாங்க. ஜூதத் தெருவுல தையல் வேலைப்பாடு கடை வெச்சிருந்த சாரா கோஹன் 2019ல 96 வயசுல காலமாயிட்டாங்க. நீங்க சொன்ன மாதிரி மொத்தமா போய்ட்டாங்கன்னு இல்ல, எர்ணாகுளம் பக்கம் மலபாரிகள் விரல் விட்டு எண்ணற அளவுக்கு இன்னும் இருக்காங்க.

அங்க போய் என்ன ஆச்சுங்கறதும் உங்க கேள்விக்குள்ள வருது. அங்க போனதும் அவங்களுக்குப் பேரே 'கொச்சினிம்'னு ஆயிடுச்சு. இங்க இத்தன நூறு வருஷமா ஜூதன், அங்க எறங்கின அன்னிக்கே கொச்சிக்காரன். நெவாத்திம், மெசிலாத் சியோன், தாஓஸ்னு கிராமங்கள்ல குடியேத்தினாங்க. நெவாத்திம் பாலைவனம், காயல் தண்ணியில வளந்தவங்களுக்கு மண்ணும் வேலையும் மொத்தமா புதுசு, ஆனா நின்னு காட்டினாங்க. அங்க ஒரு சினகாக்கும் கொச்சி அருங்காட்சியகமும் இருக்கு. மட்டாஞ்சேரியில இருந்த கடவும்பாகம் சினகாக்கோட உள் மர வேலைப்பாடு இப்ப எருசலேம்ல இஸ்ரேல் மியூசியத்துக்குள்ள இருக்கு. அங்கயும் இந்திய யூதர்களுக்கு எல்லாம் சுலபமா இல்ல, மகாராஷ்டிரா பக்கத்து பெனே இஸ்ரேல் மக்களோட பூர்வீகத்த கல்யாணத்துக்கு முன்னாடி விசாரிக்கணும்னு 1960கள்ல தலைமை ரப்பிகள் சொல்ல, அவங்க போராடித்தான் 1964ல முழு அங்கீகாரம் வாங்கினாங்க.

கடைசியா, அவங்க மனசுல இந்த ஊர் என்னவா இருந்துச்சுங்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில். பத்து வருஷம் முன்னாடி ஒரு அம்மாவ செண்டமங்கலத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், பேரன் கூட வந்திருந்தான். பதினொரு வயசுல ஊர விட்டுப் போனவங்க. அவங்க வீடா இருந்த வீட்டுல இப்ப வேற குடும்பம். வாசல்ல நின்னு, உள்ள போறதுக்கு முன்னாடி வலது பக்க நிலையில தோள் உயரத்துல கைய வெச்சுத் தடவினாங்க. மெசூசான்னு, தோரா வரிகள் எழுதின தோல் சுருள ஒரு சின்னக் கூட்டுக்குள்ள வெச்சு வாசல் நிலையில சாய்வா அடிச்சிருப்பாங்க, போகும்போதும் வரும்போதும் தொட்டு முத்தம் வெப்பாங்க. கூடு இல்ல, நாலஞ்சு கோட்டிங் பெயிண்ட்டுக்கு அடியில ரெண்டு ஆணி ஓட்டை மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டுச்சு. அத தொட்டு விரல உதட்டுல வெச்சுக்கிட்டாங்க. வீட்டுக்காரம்மா உள்ள கூப்பிட்டு கட்டன் சாயா குடுத்தாங்க, ரெண்டு பேரும் மலையாளத்துல பேசினாங்க, இவங்க மலையாளம் அறுபது வருஷம் முன்னாடி அப்படியே நின்னுபோன மலையாளம். "அம்மா உண்டோ?"ன்னு வீட்டுக்காரம்மா கேக்க, என் கூட வந்த அம்மா "அம்மா சாலோம் ஆயி"ன்னாங்க. வீட்டுக்காரம்மாவுக்குப் புரியல, 'ஆயி' புரிஞ்சுது, சாலோம் என்னன்னு தெரியல. பேரன் என்னப் பாத்தான், அவனுக்கு சாலோம் தெரியும், அவன் ஊர்ல அது வணக்கம், அதுக்குப் பின்னால ஒட்டியிருந்தது புரியல. கொச்சி யூதர்கள் 'இறந்துட்டாங்க'ங்கறத அப்படித்தான் சொல்லுவாங்க, சாந்தி ஆயிட்டாங்கன்னு. நான் ஒருத்தருக்கு மலையாளத்துலயும் இன்னொருத்தனுக்கு இங்கிலீஷ்லயும் சொன்னேன். அந்த அம்மா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, இதுல புரியாம போக என்ன இருக்குங்கற மாதிரி சாயாவ ஊதிக் குடிச்சாங்க.